லாரி ஓடாத நாள்

வால்டர் அந்தக் காரை ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு ஸ்டிரைக் வரவேண்டியிருந்தது.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிப் போகும் சாலைக்குப் பெயர் என்னவோ விரைவுச் சாலைதான். கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்று மூக்கை உரசிக்கொண்டு நிற்கிற அந்தச் சாலையில் சைக்கிள்காரர்கள் மட்டுமே விரைவாகப் போவார்கள். காரின் சொந்தக்காரன் தீபன் முதல் தடவை வண்டியைக் கொண்டுவந்தபோது இரண்டு லாரிகளுக்கு நடுவில் அரை மணி நேரம் ஊர்ந்தார்கள். வேகத்தடை ஒன்றில் வண்டியின் வயிறு கரகரவென்று உரசியது. அதோடு திரும்பிவிட்டார்கள்.

"இத்த வெச்சி இன்னா நைனா தெரியும்? ஏசி நல்லா கீதுன்னு வோணா சொல்லலாம்" என்றார் வால்டர்.

தீபனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாத்தூரில் வீடு, மணலியில் லாரி யார்டு, சொந்தமாகக் கன்டெய்னர் இழுக்கிற ஆறு ட்ரெய்லர். முப்பத்தைந்து வயதிருக்கும். தொழில் நன்றாக ஓடிய ஒரு வருடத்தில் ஆசைப்பட்டு வாங்கிய போர்ஷே அது. சாம்பல் நிறம், இரண்டே இருக்கை, கூரை மடங்கும். அவன் கைக்கு வரும்போதே அது மூன்றாவது கை. இப்போது விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்தான்.

வாங்க வந்த வால்டர், துறைமுகத்தில் டக் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய கப்பல் உள்ளே வரும்போது அதை முட்டியும் இழுத்தும் கரையோடு அணைக்கிற குட்டைப் படகுதான் டக். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கடைசி நாள் வரை அவர் ஆள் நடக்கிற வேகத்தைத் தாண்டியதில்லை. பிரிவு உபசாரம் முடிந்து ராயபுரத்து வீட்டுக்கு வந்தவர், கழுத்து மாலையைக் கழற்றுவதற்கு முன்பே மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"மேரி, நா ஒரு காரு வாங்கப் போறேன். வேகமாப் போற காரு."

அடைக்கலமேரி மாலையை வாங்கி மாதா படத்துக்குப் போட்டாள். இரண்டு இருக்கைதான் என்று பிறகு தெரிய வந்தபோதுதான் வாயைத் திறந்தாள். "மெர்லினு பசங்கள இட்டுகினு வந்தா எங்க குந்த வெப்ப? இஞ்சின் மேலயா?"

"இஞ்சின் பின்னால கீது. முன்னால தெறந்தா டிக்கிதான்."

"அப்ப அதுல குந்த வெய்யி."

மகள் மெர்லின் போனில் அழுதாள், திட்டினாள், கடைசியில் சிரித்தாள்.

ட்ரெய்லர் ஓட்டுநர்கள் தினப்படியான பேட்டாவை உயர்த்தித் தரும்படி கேட்டு வேலையை நிறுத்தியது, அவர்கள் பாதியில் திரும்பிய அந்த வாரம்தான். இரண்டாம் நாள் காலை தீபன் போன் செய்தான். "அங்கிள், ரோடு தொடச்சி வெச்ச மாரி கீது. இப்ப உட்டா இனிமே எப்பவோ. வந்துடுங்க."

வால்டர் புறநகர் ரயில் பிடித்துத் திருவொற்றியூரில் இறங்கினார். தீபன் தேரடி பக்கத்தில் காத்திருந்தான். வண்டிக்குள் உட்காருவது என்பது வால்டருக்கு உட்காருவதாக இல்லை, விழுவதாக இருந்தது. ஒரு காலை உள்ளே விட்டு, தலையைக் குனிந்து, மிச்ச உடம்பைக் கைவிட்டார். தீபன் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான். பின்னால் இஞ்சின் உறுமியபோது வால்டரின் முதுகெலும்பில் அது தெரிந்தது. டக்கில் அந்த நடுக்கம் பாதத்திலிருந்து ஏறும். இங்கே முதுகிலிருந்து இறங்கியது.

சாலையில் உண்மையாகவே யாரும் இல்லை. வலது கைப்பக்கம் கடல், பாறாங்கற்கள் மேல் நுரை. இடது பக்கம் பூட்டிய கம்பெனி கேட்டுகள். இந்தச் சாலைக்கு இத்தனை அகலம் உண்டு என்பதே வால்டருக்கு அன்றுதான் தெரிந்தது.

"மிதிங்க அங்கிள்."

வால்டர் மிதித்தார். வண்டி ஒரு துள்ளு துள்ளி முன்னே பாய்ந்தது. முள் எண்பதைத் தொட்டதும் கால் தானாக மேலே வந்துவிட்டது.

"இன்னா ஆச்சு?"

"அதோ ஒரு நாய்."

நாய் வெகு தூரத்தில், சாலைக்கு வெளியே, படுத்துக்கொண்டிருந்தது. மறுபடியும் மிதித்தார். மறுபடியும் எண்பது, மறுபடியும் கால் எழுந்தது. இந்தத் தடவை மீன் கூடையோடு ஓரமாக நடந்த ஒரு பெண். அதற்கடுத்த தடவை ஒன்றுமே இல்லை, சாலையில் ஒரு கம்பத்தின் நிழல் விழுந்திருந்தது.

"மிதிச்சிகினுதானே கீறேன்" என்றார், தீபன் கேட்காமலே.

"நீங்க மிதிக்கல அங்கிள், தடவுறீங்க."

வால்டருக்குக் கோபம் வரவில்லை. தன் காலைத்தான் ஆச்சரியத்தோடு பார்த்தார். கப்பலை நகர்த்துவது பெரிய காரியமில்லை, நகர்ந்துவிட்டதை நிறுத்துவதுதான் அவருடைய வேலையாக இருந்தது. நிற்க வேண்டிய இடம் வருவதற்கு வெகு முன்பே விசையைக் குறைத்துவிட வேண்டும். அதை உடம்பு நன்றாகவே கற்றுவைத்திருந்தது. ஓய்வு பெற்ற சேதி அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருந்தது.

எர்ணாவூர் தாண்டியதும் சாலையின் குறுக்கே பழைய டயர்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு பந்தல், கொடிகள், தரையில் தார்ப்பாய். ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தீபனின் முகம் மாறியது.

"அங்கிள், திருப்புங்க. திருப்பிடுங்க."

"எப்பிடி நைனா? ரிவர்ஸ் எங்க கீதுன்னே தெரியாதே எனக்கு."

தீபன் இருக்கையில் சரிந்து சரிந்து, கடைசியில் முட்டி மட்டுமே வெளியே தெரிகிற அளவுக்குப் போனான். கூரை மடக்கியிருந்ததால் அதனால் ஒரு பயனும் இல்லை. டயர்களுக்கு முன்னால் வண்டி நின்றதும், லுங்கியை மடித்துக் கட்டிய நெட்டை மனிதர் ஒருவர் கையை உதறிக்கொண்டே வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா மொதலாளி, சீட்டுக்குக் கீய எதுனா உழுந்துட்ச்சா? நா வோணா தேடித் தரட்டா?"

அவர் பெயர் செங்குட்டுவன். வியாசர்பாடிக்காரர். தீபனின் முதல் ட்ரெய்லரை முதல் நாளிலிருந்து ஓட்டுகிறவர். தீபன் நேராக உட்கார்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அதற்குள் பந்தல் முழுவதும் எழுந்து வந்து காரைச் சுற்றிக்கொண்டது. சிலர் கையில் தட்டு இருந்தது.

"பேட்டா மீட்டிங்ல வண்டி நஷ்டத்துல ஓடுதுன்னியே மொதலாளி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அந்த வண்டி இத்தானா?"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு என்பது வால்டருக்குப் புரிந்தது. துறைமுகத்திலும் அவர் இப்படிப்பட்ட பந்தல்களில் உட்கார்ந்திருக்கிறார்.

"நஷ்டம்ன்றதாலதான்பா விக்கிறேன்" என்றான் தீபன். "இவுரு வாங்க வந்தவுரு. நம்பலேன்னா அவரையே கேளு."

எல்லோரும் வால்டரைப் பார்த்தார்கள். வால்டர் தலையை ஆட்டினார்.

"ஓட்டிப் பாத்தாச்சா பெர்சு?" என்றார் செங்குட்டுவன்.

"பாத்துகினே கீறேன்."

"எவ்ளோ போச்சு?"

வால்டர் சற்று யோசித்தார். "எம்பது."

"எம்பதா! சரக்கு ஏத்தாம காலியாப் போனா என் ட்ரெய்லரே போவும் அத்த." செங்குட்டுவன் காரின் பக்கவாட்டில் விரலால் மெல்லத் தட்டினார். பிறகு வேறு குரலில் கேட்டார். "மொதலாளி, ஒரு தபா நா ஓட்டட்டா?"

தீபன் அவரைப் பார்த்தான், சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். மறுத்துச் சொல்ல அவனுக்கு அங்கே இடமிருக்கவில்லை. இறங்கினான். வால்டரும் இறங்கி, மறுபக்கம் சுற்றிவந்து, மறுபடி உள்ளே விழுந்தார்.

"நீங்க எதுக்கு அங்கிள்?"

"வாங்கப் போறது நாதானே?"

யாரோ தீபனின் கையில் ஒரு தட்டு தக்காளி சாதத்தை வைத்தார்கள். டயர்களை ஓரமாக உருட்டிவிட்டார்கள். செங்குட்டுவன் இருக்கையைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, எல்லாப் பொத்தான்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். செருப்பைக் கழற்றி வால்டரின் காலடியில் போட்டார்.

"பெல்ட்டு போட்டுக்க பெர்சு."

எண்ணூர் வரை அவர் நிதானமாகத்தான் போனார். அங்கே திரும்பி, தெற்கே பார்த்து வண்டியை நிறுத்தினார். எதிரே சாலை நீளமாகக் கிடந்தது.

"இந்த ரோட்ல எத்தினியோ ராத்திரி வண்டிக்குள்ளயே தூங்கிகீறேன்" என்றார். "ரெண்டு நாளு, மூணு நாளு. நாலு அடி நவுந்தா எய்ந்து நாலு அடி உருட்டணும்."

வால்டர் பதில் சொல்வதற்குள் வானம் பின்னால் சாய்ந்தது.

முதலில் சத்தம்தான். அது முதுகுக்குப் பின்னால் பிறந்து, ஏறி, ஏறி, இதற்கு மேல் இல்லை என்று நினைத்த இடத்தில் இன்னொரு குரல் எடுத்து மேலும் ஏறியது. கம்பெனி கேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே சுவராயின. கடல் ஒரு கோடாயிற்று. வால்டரின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. மாதாவே என்று ஒருமுறை சொன்னார், அது அவருக்கே கேட்கவில்லை. பந்தல் வந்ததா, வந்து போய்விட்டதா என்று தெரியவில்லை. நீலமாக ஏதோ ஒன்று, ஏராளமான வாய்கள், அவ்வளவுதான். முள்ளைப் பார்த்தார். இருநூறைத் தாண்டியிருந்தது.

பிறகுதான் தன் காலைக் கவனித்தார். வலது கால் கார்ப்பெட்டை அழுத்திக்கொண்டிருந்தது. பயந்தவன், இல்லாத பிரேக்கைத் தேடுகிற அழுத்தல் இல்லை அது. போ, இன்னும் போ என்கிற அழுத்தல். அங்கே மிதிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அது துணிந்துவிட்டிருந்தது.

திருவொற்றியூர் எல்லையில் செங்குட்டுவன் வேகத்தைக் குறைத்து, வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.

"நல்லாக்கீதா பெர்சு?"

"ஷோக்கா கீது."

"நீ ஓட்டுறியா, திரும்பிப் போறப்போ?"

"வோணாம்" என்றார் வால்டர். "நீயே ஓட்டு."

பந்தலுக்குத் திரும்பியபோது விசில் பறந்தது. செங்குட்டுவனை இரண்டு பேர் தூக்கவே பார்த்தார்கள். தீபன் மட்டும் சாலையோரத்தில் தனியே நின்றிருந்தான். கையிலிருந்த தட்டில் சாதம் அப்படியே இருந்தது. வால்டர் இறங்கி வரும்வரை காத்திருந்து, கிட்டே வந்தான்.

"அங்கிள், தப்பா நெனச்சிக்காதீங்க. வண்டி குடுக்கல."

"இன்னாபா?"

"மூணு வருசமா உள்ள குந்திகினே கேட்டுகினு இருந்தேன். வெளிய நின்னு கேட்டதே இல்ல. இப்பதான் கேட்டேன்." அவன் காரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "இது என் வண்டின்னே தெரியல எனக்கு. யாரோ பெரிய ஆளு வண்டி போவுதுன்னு நெனச்சேன். குடுக்கல அங்கிள். மன்னிச்சிக்குங்க."

அவன் தாழ்ந்த குரலில்தான் சொன்னான். ஆனால் செங்குட்டுவனின் காதில் விழுந்துவிட்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நஷ்டம் இல்லேன்றீங்க."

வேண்டுமானால் அப்போதும் தீபன் விற்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். வாங்குகிறவர் பக்கத்திலேயே நின்றார். வால்டர் அதற்காக ஒரு கணம் காத்திருந்தார்கூட. தீபன் சொல்லவில்லை. தட்டிலிருந்த சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டான்.

"சாயங்காலம் பேசலாம்" என்றான்.

"பேசலாமே" என்றார் செங்குட்டுவன்.

சாயங்காலம் என்ன பேசினார்கள் என்று வால்டருக்குத் தெரியாது. வேறு எந்த முதலாளியும் இறங்கி வராதபோது தீபன் ட்ரான்ஸ்போர்ட் மட்டும் பேட்டாவை ஏற்றிக் கொடுத்துவிட்டதாகவும், மற்ற முதலாளிகள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டியதாகவும் பிறகொரு நாள் துறைமுகத்து நண்பர் ஒருவர் சொன்னார்.

தீபன் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வால்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டு, கத்திவாக்கம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ பிடித்தார். அவருக்கு ஏமாற்றம் இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வாங்கியிருந்தால் அதை எண்பதில் ஓட்டிக்கொண்டிருப்போம் என்பதும் தெரிந்திருந்தது. ராயபுரம் தெருக்களில் அந்த எண்பதும் கிடையாது. இரண்டு நினைப்பும் ஒன்றையொன்று தள்ளாமல், ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தன.

வீட்டில் அடைக்கலமேரி மதியச் சாப்பாட்டை மூடி வைத்திருந்தாள். அவர் தலையைப் பார்த்தாள். இருந்த கொஞ்ச முடியும் மேலே நின்றுகொண்டிருந்தது.

"காரு எங்க?"

"குடுக்க மாட்டேன்னுட்டான்."

"ஏனாம்?"

"அவனுக்கே புட்ச்சிப் போச்சாம்."

அவள் தட்டை வைத்து நெத்திலிக் குழம்பை ஊற்றினாள். "வேகமாப் போனியா?"

"போனேன்."

"எவ்ளோ?"

"இரநூறு. அதுக்கும் மேல."

அடைக்கலமேரி கரண்டியை வைத்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தாள். தெருவில் ஸ்கூட்டர் ஓட்டும்போதுகூட, காலியான முச்சந்தியில் இறங்கி நின்று இரண்டு பக்கமும் பார்க்கிற மனிதர்.

"யாரு ஓட்னது?"

வால்டர் சோற்றில் கையை வைத்தார். "ஒரு லாரி டிரைவரு."

"அதானே பாத்தேன்." அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்துவிட்டு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். "சரி, எப்டி இருந்திச்சி, சொல்லு."

வால்டர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"மொதல்ல சத்தம்தான் மேரி" என்று தொடங்கினார்.