சுவைலிம் தொடாத கோப்பை

குளிப்பாட்டத் தண்ணீர் ஆயிற்றா என்று ராக்கான் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டபோது, நுவ்வார் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் போன உயிர். அப்பா ஷேக் மிஸ்லத் கடைசியாகக் கேட்டதும், படுக்கையில் விழுந்த நாள் முதல் தினமும் கேட்டுவந்ததைத்தான். சுவைலிம் வந்தானா?

வரவில்லை. மஆன் ஊர் ரயில் நிலையச் சண்டையில் தன் மகன் ஹம்தான் செத்த பிறகு, குலத்துப் பெரியவரான சுவைலிம் இந்தக் கூடாரத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததே இல்லை. துருக்கிக்காரனை விரட்டிவிட்டால் நாடு அரபுகளுக்கே என்று இங்கிலீஷ்காரன் கொடுத்த வாக்கை நம்பி, அப்பா சொல்லித்தான் குலத்துப் பிள்ளைகள் போனார்கள். துருக்கிக்காரன் போயே போய்விட்டான். இந்தக் கோடையில் பிரெஞ்சுக்காரன் பீரங்கியோடு டமாஸ்கஸுக்குள் புகுந்து அரபு ராஜாவைத் துரத்திவிட்டான். இங்கிலீஷ்காரன் நம் பகுதியில் உட்கார்ந்துகொண்டு, யார் ஷேக், யார் இல்லை என்று தீர்மானித்துக்கொண்டிருந்தான்.

ராக்கானின் தவிப்பெல்லாம் அதுதான். இங்கிலீஷ் காப்டன் துக்கத்துக்கு வருவதாக ஆள் அனுப்பியிருந்தார். அவர் மனம் கோணாமல் இருந்தால் அடுத்த ஷேக் ராக்கான். கோணிவிட்டால் சித்தப்பா மகன்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் யாரும் வாயத் தொறக்காம இருந்தா போதும்," என்றான்.

அப்பாவைக் குளிப்பாட்டும் முன்பே இவனுக்கு இந்தக் கவலையா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் தம்பி. தலையை ஆட்டிவைத்தாள்.

நண்பகல் தொழுகை முடிந்து எடுப்பதாக ஏற்பாடு. வெள்ளைத் துணி சுற்றிய உடல் வெளியே கட்டிலில் கிடந்தது. ஆண்கள் பகுதி நிரம்பிவிட்டது. நுவ்வார் நடுத்திரைக்குப் பின்னால் பெண்களோடு உட்கார்ந்து, நெசவு விட்டுப்போயிருந்த இடுக்கு வழியாகப் பார்த்தாள். காப்டன் சம்மணமிட்டு உட்கார்ந்து, நம்மவர்கள் மாதிரியே வலது கையால் கோப்பையை வாங்கினார். மிஸ்லத் சொன்ன சொல் தவறாதவர் என்று ஏட்டு அரபியில் பேசினார். நன்றாகத்தான் பேசினார்.

அப்போதுதான் சுவைலிம் வந்தார். சலாம் சொல்லி உட்கார்ந்தார். ராக்கான் காப்பி ஊற்றி நீட்டினான். கிழவர் வாங்கி, குடிக்காமல், கம்பளத்தின் மேல் தனக்கு முன்னால் வைத்தார்.

குடிக்காமல் வைத்தால், வந்தவர் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். அப்படி வைத்த கோப்பைக்குப் பதில் சொல்லாமல் எந்த வீட்டு ஆளும் எழுந்திருக்க முடியாது. கட்டிலையும் தூக்க முடியாது.

"என்ன வேணும்னு சொல்லுங்க பெரியப்பா. குடுத்தாச்சுன்னே வெச்சுக்குங்க," என்றான் ராக்கான்.

"ஒட்டகம் வேணாம். ரத்தம் வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் நம்ம மண்ணப் பங்கு போட்டுக்கிட்டது, எம் பையன அனுப்புறப்பவே உங்கப்பனுக்குத் தெரியுமா?"

காப்டன் தன் கோப்பையைப் பார்த்தபடி, "பெரியவரே, இன்று அதற்கான நாள் அல்ல," என்றார்.

"தெரியாது," என்றான் ராக்கான் அவசரமாக. "தெரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பாரா?"

"நீ அப்ப சண்டையில இருந்தே தம்பி. உனக்கு எப்படித் தெரியும்?" கிழவர் கோப்பையைத் தொடவில்லை. திரைப் பக்கம் பார்த்தார்.

நுவ்வார் அப்போது வீட்டில் இருந்தாள். ரஷ்யாவில் ஆட்சி மாறி, மண்ணைப் பங்கு போட்ட ரகசிய ஒப்பந்தம் வெளிப்பட்டுவிட்டது என்று துருக்கித் தளபதியின் ஆள் வந்து சொன்ன குளிர்காலம் அது. அப்பா இதே காப்டனை இதே கம்பளத்தில் உட்காரவைத்துக் கேட்டார். அது பழைய காகிதம், செத்துப்போனது என்றார் காப்டன். அவர் போனதும் அப்பா, "என் கண்ணப் பாக்காமச் சொல்றான்," என்றார். மறுநாள் ஹம்தானும் மற்றவர்களும் கிளம்பியபோது அவர்களை அவர் நிறுத்தவில்லை. முன்னாலேயே போயிருந்த ராக்கான் அங்கே தனியாக நிற்பான் என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

அதற்காக அவரை மன்னிக்க அவளால் முடிந்ததில்லை. அதனால்தான் தம்பி உயிரோடு வந்தான் என்பதையும் மறக்க முடிந்ததில்லை. சுவைலிம் வந்தானா என்று கேட்ட அந்த நொந்த குரல் இன்னும் காதிலேயே இருந்தது.

"தெரியும்," என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. "தெரிஞ்சுதான் அனுப்புனாரு பெரியப்பா. ராக்கானுக்குத் துணை வேணும்னு அனுப்புனாரு. நீங்க வந்துட்டீங்களான்னு சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

ராக்கான் காப்டனைத் திரும்பிப் பார்த்தான். கிழவரின் கை கோப்பை வரை போய்த் திரும்பியதை நுவ்வார் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"அவன் வாயால சொல்லியிருக்கலாம்," என்றார் சுவைலிம். திரையைப் பார்த்து, "நானும் வந்திருக்கலாம்," என்றார்.

ஆறிப்போயிருந்த காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். போதும் என்று கோப்பையை ஆட்டி ராக்கானிடம் கொடுத்தார். பிறகு வெளியே போய், கட்டிலின் தலைமாட்டில் தோள்கொடுக்கத் தயாராக நின்றார்.

கூட்டம் எழுந்தது. காப்டன் மட்டும் உட்கார்ந்தபடியே, மரியாதைக்கு இன்னொரு முறை தன் கோப்பையை நீட்டினார். ராக்கானின் கையிலிருந்த கெண்டியில் இன்னும் காப்பி இருந்தது. அதை அடுப்புச் சாம்பல் ஓரமாக வைத்துவிட்டு, அவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சுவைலிமுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.