பகல் ஒரு மணிக்கு மதுரை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று தத்துவம் பேச வந்துவிடாதீர்கள். இது அச்சில் வந்த பொய். நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு மலரில் ‘மதுரையில் மூன்று நாள்’ என்று பயணக் கட்டுரை எழுதினேன். நான் மதுரைக்குப் போகவில்லை என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

(போகத்தான் இருந்தேன். விசாகூட எடுத்தாயிற்று. அந்த வாரம் பார்த்து மகளுக்கு டெங்கு. ஆசிரியருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டேன். நாலு வீடியோ பார்த்தேன், மிச்சத்தைக் கண்டியில், அம்பிட்டிய வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘மலைச்சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில், எழுத்தாளன் ஒருவன் தன் மனச்சாட்சியோடு

வேண்டாம். பனியும் இல்லை, எழுத்தாளனும் இல்லை. நான் கிளறன்ஸ், பள்ளிக்கூடத்தில் கணக்கு படிப்பிக்கிறவன்.

இரண்டாவது முயற்சி: ராஜரத்தினம் அண்ணனுக்குப் பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை. மேல்மாடியில் வீடு. இரண்டு கண்ணிலும் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. நல்ல வெயிலில் மட்டும் தெளிவாகத் தெரியும், அதுவும் இன்னும் ஒரு வருடம்தான் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்த மறுநாள், ஆணி வாங்கப் போன என்னிடம் அண்ணன் பழைய பேப்பர் துண்டு ஒன்றை நீட்டினார். என் கட்டுரை!

“சேர், ஒரு மணி வெயில்ல பொற்றாமரைக் குளத்துப் படியில உக்காந்து, தண்ணியில கோபுரத்தப் பாத்தேன்னு எழுதியிருக்கீங்களே. இவ வாசிச்சுக் காட்டினா. அத நான் பாத்துரணும் சேர். அந்த வெளிச்சம் இருந்தா எனக்குத் தெரியும். மூணு நாளுக்கு ஒரு பிளான் போட்டுக் குடுங்க.”

அவர் மனைவி பாலாம்பிகை அக்கா பக்கத்தில் நின்று பூரித்துப் போனார். “நம்ம ஊருக் கோயில்னா மத்தியானமே நடையச் சாத்திட்டுப் போயிருவாங்க. அங்க ஒரு மணிக்கும் தெறந்து கெடக்கு பாருங்க. அதுதான் மதுரை!”

நான் தலையாட்டினேன். தர்மகர்த்தா தோற்றுப்போவார், அப்படி ஆட்டினேன். ஆணி வாங்க மறந்துவிட்டேன்.

3

பிளான் அற்புதமாக வந்தது. செவ்வாய்: விமானம், ரூம், ஓய்வு. புதன்: காலை நாயக்கர் மகால், பகல் 1.00 மீனாட்சியம்மன் கோயில், குளத்துப் படி; 2.15 ஜிகர்தண்டா. (2.15! இரண்டு மணிக்குக் குடித்தால் தொண்டைக்குள் இறங்காதா?) வியாழன்: சுங்குடிச் சேலைக் கடை, விமானம். அதைக் கொடுத்துவிட்டு வந்து, பிரதியைப் பெருமையாக மனைவியிடம் காட்டினேன். சுவர்ணா என்னைக் கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்கு வருமுன் பிள்ளையார் கோயில் பக்கத்தில் வளர்ந்தவள்.

“ஏங்க, ஒரு மணிக்குக் கோயில்ல யாரு இருப்பா? செருப்பு பாக்கிறவரே சாப்பிடப் போயிருப்பாரு.”

“பெரிய கோயில்மா அது.”

“பெரிய சாமின்னா ரெஸ்ட் வேணாமா?”

இணையத்தில் தேடினேன். பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பு. எங்கள் மாதா கோயிலில் எந்த நேரமும் நுழைந்து முழங்கால் போடலாம். புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைக்கு உச்சி வெயிலிலும் தாமரைப் பூத்தட்டோடு ஆட்கள் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கண்டியில் வளர்ந்த கத்தோலிக்கன் மட்டுமே இப்படி ஒரு பிழையை இவ்வளவு அழகான நடையில் எழுத முடியும்.

4

ஒரு மணியைப் பதினொன்று ஆக்கிவிட்டால் போயிற்றே, பதினொரு மணிக்கும் வெயில்தானே என்கிறீர்கள். எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. ‘நேரத்தை மாத்திட்டாங்களாம் அண்ணன்’ என்று சொல்லப் போனை எடுத்தேன். எடுத்த கையோடு வைத்துவிட்டேன்.

ஒரு மணியைத் திருத்தலாம். வேறு எதைத் திருத்துவது? தண்ணீரில் கோபுரம் தெரிந்ததா, அல்லது ‘தெரிந்தது’ என்று எழுதினால் நன்றாயிருக்கும் என்று எழுதினேனா? நாலு வருடத்தில் எனக்கே மறந்துவிட்டது. ஒரு மனிதர் மிச்சமிருக்கிற பார்வையை எடுத்துக்கொண்டு நான் கதிரையில் இருந்து பார்த்த ஊருக்குக் கிளம்பப் போகிறார். நினைத்தால் பயமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. வெட்கம்தான் கூட.

5

முடிவுகள் கைவசம் மூன்று.

(அ) நான் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் வெயிலில் சாத்திய கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள். “கிளறன்ஸ் சேர் வந்தப்ப தெறந்திருந்திச்சாமே” என்கிறார் அக்கா, அப்போதும் என்னைச் சந்தேகிக்காமல். இதை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

(ஆ) அண்ணனுக்கு எல்லாம் முன்பே தெரியும். சிரித்துக்கொண்டு, “உங்களுக்கும் சேத்து டிக்கட் போட்டிருக்கேன் சேர்” என்கிறார். கண் கலங்க வைக்கும். குற்றவாளியே எழுதும் தீர்ப்பு அப்படித்தான் இருக்கும். அடித்துவிட்டேன்.

(இ) நான் நேரே போய், “அண்ணன், நான் மதுரைக்கு

இந்த வாக்கியத்தை மூன்று தரம் தொடங்கினேன். கடை வாசல்வரை போய், மூன்று தரமும் ஆணி வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் இப்போது ஒன்றரைக் கிலோ ஆணி இருக்கிறது.

6

அதனால்தான் இந்தக் கதை. வாசகரே, உங்களுக்கென்று நினைத்தீர்களா? மன்னிக்க வேண்டும். வாசகர் ஒருவர்தான்.

பாலாம்பிகை அக்கா, இதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டுவது நீங்கள். பொய் எங்கே என்று இப்போது தெரிந்திருக்கும். நான் மதுரைக்குப் போனதே இல்லை. புதன்கிழமை ஒரு மணியை வெட்டிவிட்டுப் பதினொன்று என்று போடுங்கள். பன்னிரண்டரைக்கு நடை சாத்துவார்கள். அது மட்டும் நிச்சயம். குளத்தில் கோபுரம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அண்ணன்தான் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும், இனி என்னிடம் எதையும் சொல்ல விருப்பம் இருந்தால்.

இன்றைக்கு ஞாயிறு, கடை பூட்டு. இந்தப் பக்கங்களை உங்கள் கதவுக்குக் கீழால் தள்ளியது நான்தான். இன்னும் போகவில்லை, படியில் நிற்கிறேன். நல்ல வெயில். மணி ஒன்று.