கிட்டார் மட்டும்தானே

சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் ருஃபீனா தன் பாட்டை முதல் தடவையாக வானொலியில் கேட்டாள். கோயில் திருவிழாவுக்காக அவளே கட்டி, அவளே கிட்டார் வாசித்துப் பாடிய பாட்டு. மீன்காரி தராசை அப்படியே போட்டுவிட்டு, "அடியே, இது உன் குரல்ல?" என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். பக்கத்துக் கடைகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

ருஃபீனாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. குரல் அவளுடையதுதான். கிட்டார் அவளுடையது இல்லை.

அதில் அவளுக்குச் சந்தேகத்துக்கே இடமில்லை. மக்தான் தீவின் கிட்டார் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த காலத்தில் அவளுடைய இடது கை மோதிர விரலின் நுனியை ரம்பம் கொண்டுபோயிருந்தது. அதற்கப்புறம் மற்றவர்களைப்போல் எல்லாத் தந்திகளையும் அவளால் அமுக்க முடிந்ததில்லை. ஒரு தந்தியை விட்டுவிட்டு, கட்டைவிரலை மேலாக வளைத்து, தனக்கென்று ஒரு பிடியைக் கண்டுபிடித்துக்கொண்டாள். விட்டுப்போன ஸ்வரத்தின் இடத்தில் சின்னதாக ஓர் இடைவெளி விழும். அவள் பாட்டு அங்கேதான் மூச்சு வாங்கும். வானொலியில் அந்த இடைவெளியே இல்லை. எல்லாத் தந்திகளும் வஞ்சனையில்லாமல் நிறைந்து ஒலித்தன.

"என்னடி பேயறஞ்ச மாதிரி நிக்கற? மீனு வேணுமா வேணாமா?"

"அப்புறம் வரேன்க்கா" என்று நடந்தவள், வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். கூப்பிட்ட ட்ரைசிக்கிள்காரனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் புருஷன் டெரியோ அறைக்குள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது அவர்கள் படுக்கும் அறையாக இருந்தது. ஒலிப்பதிவுக்கூடம் வைக்கப்போகிறேன் என்று கட்டிலைக் கூடத்துக்குத் தள்ளி, துணி அலமாரி ஒன்றைத் தவிர அறையைத் துடைத்துவிட்டாற்போல் காலி செய்து, கணினியும் மைக்குமாகக் குடியேறியிருந்தான். நாலு பக்கமும் வெறும் சிமெண்ட் சுவர், மேலே தகரம். மாதக்கணக்கில் அவளை அந்த அறையின் நடுவில் உட்காரவைத்து, கிட்டாரின் துளைக்கு நேரே மைக்கை நிறுத்தி, "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்று வாசிக்க வைத்திருந்தான். கேட்டுப் பார்த்தால் பானைக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் இருக்கும். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாரேன் என்று அவள் சொன்னபோதெல்லாம், "சத்தம் துளையிலேருந்துதானே வருது? நீ வாசி, மைக்கு என் வேலை. உன் விரல் சரியா விழல, அதான்" என்று வாயை அடைத்துவிடுவான். அவளும் அதை நம்பி, விரல் காய்த்துப்போகும்வரை பழகினாள்.

ருஃபீனா அவன் தலையிலிருந்து ஹெட்ஃபோனைப் பிடுங்கினாள்.

"கிட்டார் யாரு வாசிச்சது?"

"எந்தக் கிட்டாரு?"

"டெரியோ, எனக்கு வெரல்தான் குறைச்சல். காது ரெண்டும் இருக்கு."

அவன் நாற்காலியைத் திருப்பினான். "கஸ்பார் அண்ணன். விழாக் கமிட்டிக்காரங்க பாட்டு உடனே வேணும்னு கழுத்துல கத்தி வெச்சாங்க ருஃபி. உன்னோடது எல்லாம் டம்டம்னு வந்துச்சு. அதைக் குறைச்சா தகரம் தட்டற மாதிரி ஆகுது. நான் என்ன பண்றது? கிட்டார் மட்டும்தானே. குரல் உன்னுதுதானே."

"கிட்டார் மட்டும்தானா? நாளைக்குக் குரலும் பிடிக்கலன்னா பக்கத்து வீட்டுக்காரியப் பாட வெச்சுட்டு, பேரு உன்னுதுதானேன்னு சொல்லுவியா?"

"யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுதே. நான் ஒரு ஆளு இல்லையா?"

அவன் போனையே எடுத்து கஸ்பாரைக் கூப்பிட்டாள். கஸ்பார் பல வருஷமாகக் கல்யாண வீடுகளில் வாசிக்கிறவர். யாரிடமும் வம்புதும்புக்குப் போகாதவர்.

"அண்ணே, ருஃபீனா பேசறேன்."

"சொல்லு தங்கச்சி. கைச் சுளுக்கு எப்படி இருக்கு?"

அவள் டெரியோவைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"எனக்குச் சுளுக்கெல்லாம் இல்லண்ணே. எங்க வெச்சு வாசிச்சீங்க?"

"எங்க வீட்டுக் கூடத்துலதான். சோபாவுல சாஞ்சுக்கிட்டு. உங்க வீட்டு ரூமு கெணத்துக்குள்ள கத்தற மாதிரி இருக்கும்னேன். அவன் மைக்கத் துளைக்கு நேரா கொண்டாந்தான். தம்பி, அத அந்தப் பக்கம் தள்ளு, கிட்டாரு கழுத்தும் ஒடம்பும் சேர்ற எடத்துக்கு நேரா வையின்னேன். வெச்சான். ஏம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. உங்க மேல தப்பில்ல."

போனை வைத்தாள். அதுவரைக்கும் இருந்தது வெறும் ஆத்திரம். இப்போது வந்தது வேறு.

"அவரு ஒரு தடவ சொன்னா நகத்துவ. நான் மாசக்கணக்கா சொன்னேன், என் வெரலக் குறை சொன்ன. அறுந்துபோன வெரல, டெரியோ. ராத்திரியெல்லாம் அதையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன், தெரியுமா உனக்கு?"

அவன் ஏதோ சொல்ல வந்தான்.

"பேசாத. எந்திரி. அந்த மெத்தையத் தூக்கு."

கூடத்துக் கட்டிலின் மெத்தையைக் கொண்டுவந்து, எதிரொலி அடங்கட்டும் என்று எதிர்ச் சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். துணி அலமாரியின் கதவுகளைத் திறந்துவிட்டாள். தரையில் போர்வைகளை விரித்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். மத்தியான வெயில் தகரத்தில் இறங்க, இருவருக்கும் வியர்வை ஊற்றியது. அவள் அலமாரிப் பக்கம் முதுகு வைத்து, கிட்டாரை மடியில் எடுத்தாள்.

"மைக்க அப்புறம் தொடு. இங்க வா. முட்டி போடு. காதக் கொண்டா."

"ருஃபி..."

"கொண்டான்னா கொண்டா."

அவள் வாசிக்க, அவன் முட்டி போட்டுத் தலையை மெல்ல நகர்த்தினான். துளைக்கு நேரே காதை வைத்தவன் முகத்தைச் சுளித்தான். கிட்டார்க் கழுத்தின் முனைக்குப் போனான். அங்கே ஒலி மெலிந்து கீச்சென்றது. திரும்பி வந்தான். கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி அவன் தலை நின்றது. நகரவே இல்லை. பிறகு எழுந்து, தன் காது இருந்த அதே இடத்தில் மைக்கை வைத்தான்.

முதலில் வாசித்தது எதற்கும் ஆகவில்லை. கோபத்தில் தந்தியைப் பிய்த்து எடுத்தாள். சுத்தியலால் அடித்ததுபோல் வந்தது. அடுத்ததன் நடுவில் விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோல் இறங்கியது. அது ஓய்ந்ததும் பக்கத்து வீட்டுச் சண்டைச் சேவல்கள் ஒன்று மாற்றி ஒன்று கூவின. "அறுத்துக் கொழம்பு வைக்கப் போறேன் ஒருநாள்" என்றாள் ருஃபீனா. டெரியோவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முறைத்ததும் அடக்கிக்கொண்டான்.

அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு, கையை மட்டும் தளரவிட்டு, மெதுவாக வாசித்தாள். கடைசித் தந்தி அடங்கும்வரை இருவரும் அசையவில்லை.

அவன் என்ன சொல்வான் என்று அவள் காத்திருக்கவில்லை. ஹெட்ஃபோனைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். நகம் தந்தியைத் தொடுவது கேட்டது. மரம் அதிர்வது கேட்டது. அந்தச் சின்ன இடைவெளியும், அதன் ஓரத்தில் அவள் கட்டைவிரல் உரசுவதும் கேட்டது. இதெல்லாம் இத்தனை நாளும் இந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது என்று நினைத்தபோது சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் இன்னும் ஏறியது.

"நாளைக்கு இத நீயே வானொலி நெலையத்துக்கு எடுத்துட்டுப் போற. முன்னாடி குடுத்தது வேற ஆளு வாசிச்சது, என் பொண்டாட்டிகிட்டக் கேக்காம மாத்திட்டேன்னு உன் வாயால சொல்ற."

"சிரிப்பாங்க ருஃபி."

"நான் அழுதேன். நீ சிரிப்ப வாங்கிக்க."

போனான். சிரித்தார்களாம். திரும்பி வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்திருந்தான். அவள் தென்னோலைப் பொதியில் வெந்த சோற்றைப் பிரித்து, பொரித்த மீனோடு அவன் பக்கம் தள்ளிவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள்.

திருவிழா அன்று கோயில் மைதானத்தில் புதிய பதிவைத்தான் போட்டார்கள். கமிட்டித் தலைவர் தேடி வந்து, "பாட்டு நல்லாருக்கும்மா. ஆனா மொதல்ல போட்டதுதான் நெறைவா இருந்துச்சு, இல்ல?" என்றார்.

"ஆமாங்க. அது நல்லா வாசிக்கறவர் வாசிச்சது" என்றாள் ருஃபீனா. "இது நான்."

அவர் புரியாமல் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். டெரியோ பக்கத்தில் வந்து நின்றான். ஒலிபெருக்கிகளையே பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில், "இன்னும் கோவமா?" என்றான்.

"ஆமா. கோவம் போனப்புறம் சொல்றேன்" என்றாள் அவள்.