சிவப்பு நூல் மெத்தை

அப்பாவின் கால்மாட்டில் குனிந்து மெத்தையின் மூலையைப் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். தையலில் சிவப்பு நூல் முடிச்சு.

சிவப்பு நூல் என்றால் கழிவு. பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிய மெத்தை, அப்பாவின் ஆலை வாசலைத் தாண்டக் கூடாது. முப்பது வருஷமாக அப்பா ஒவ்வொன்றையும் முழங்காலால் அழுத்திப் பார்த்து, சரியில்லாததற்குத் தன் கையாலேயே அந்த முடிச்சைப் போடுவார். நகரசபைத் தலைவரான பிறகும் அதை விட்டதில்லை. சபைக்குத் தாமதமாக வருவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது என்று எதிர்க்கட்சிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அந்த மனிதர் இப்போது இடப்பக்கம் சரிந்து, துக்கம் கேட்க வந்தவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்பவர் போலக் கிடந்தார்.

"இத யாரு கொண்டாந்தது?"

ஆலை மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அவசரத்துல கையில கெடச்சத தூக்கிட்டு வந்துட்டேம்மா. யாரு புரட்டிப் பாக்கப் போறா?"

"அவரு பாப்பாரு."

செத்தவர் எப்படிப் பார்ப்பார் என்று மேஸ்திரி கேட்கவில்லை. புதுசு எடுத்துவர ஆலைக்கு ஓடினார்.

மெத்தை வந்தால் மட்டும் போதுமா? அப்பாவைத் தூக்க ஆள் வேண்டும், ஆள் நிற்க இடம் வேண்டும். கூடம் முழுக்கக் கட்சிக்காரர்கள். ஒருவரிடம் நகரச் சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார், நகரவில்லை. இன்னொருவர் தன் மருமகனுக்கு ஆலையில் வேலை கேட்டார்.

"நாலு மணிக்கு வண்டி வருது. இப்பப் போயி மெத்தை மெத்தைங்கிற," என்று அத்தை முணுமுணுத்தாள். "ஊரு சிரிக்கும்."

கட்சிச் செயலாளர் அவளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, அப்பா எடத்துக்கு நீதான் நிக்கணும். இன்னைக்கே சொன்னாத்தான் உண்டு. துணைத்தலைவரப் பாத்தியா? காலையிலேர்ந்து அப்பா நாற்காலிய விட்டு எந்திரிக்கல. ஒண்ணுக்குக்கூடப் போகல மனுஷன்."

"எனக்கு மெத்தை தைக்கத்தாண்ணே தெரியும்."

"அப்பாவுக்கு மட்டும் வேற என்ன தெரியும்?"

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"மொதல்ல அவர நல்ல மெத்தைக்கு மாத்தணும்ணே. உங்க ஆளுங்க ஒருத்தரும் அசைய மாட்டேங்கறாங்க."

"இவ்வளவுதானா? நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. எட்டுப் பேர விட்டுப் பூ மாதிரி மாத்திடறேன். என் பொறுப்பு."

மணி மூன்றே முக்கால். அவள் சரி என்றாள்.

செயலாளர் நேராக வாசலுக்குப் போய் மைக்கைப் பிடித்தார். அவர் அவள் பெயரை அறிவித்து முடிப்பதற்குள், சாவு வீடு என்பதை மறந்து யாரோ விசிலடித்தார்கள். முதல் ஆளாக வந்து அவளுக்குக் கைகொடுத்தவர் துணைத்தலைவர்தான். கையை விட மனமில்லாமல் பிடித்திருந்தார். கேமராக்கள் அவளைச் சுவரோடு சேர்த்து நெருக்கின. தோள்களின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தாள். எட்டுப் பேர் சொன்னபடி வந்துவிட்டார்கள். அப்பாவைப் பூப்போலத் தூக்கினார்கள், மெத்தையோடு சேர்த்து. தூக்கியவர்கள் நேரே வண்டிக்குப் போனார்கள்.

"அண்ணே, மெத்தை!"

"நேரமாச்சு தலைவரே. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." செயலாளர் வாயிலிருந்து 'தங்கச்சி' காணாமல் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. "நீங்க முன்சீட்டுல ஏறுங்க. ஜனங்க மூஞ்சியப் பாக்கணும்."

ஏற்றிவிட்டார்கள். வண்டி நகர்ந்தது. தெருமுனையில் மேஸ்திரி மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார், தலைமேல் உறை பிரிக்காத புது மெத்தை. அவள் ஜன்னல் வழியே கையை முழுசாக நீட்டி, வா, வா என்று அழைத்தாள்.

தெருவின் இரண்டு பக்கமும் நின்ற கூட்டம் உற்சாகமாகத் திருப்பிக் கையசைத்தது. எல்லோரும் அசைப்பதைப் பார்த்துவிட்டு, மெத்தையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மேஸ்திரியும் அசைத்தார்.