சத்தம் போடாத பிள்ளை

விடிந்ததும் புவாகம் செய்யும் முதல் வேலை, இரவெல்லாம் ஊறிய பசையரிசியின் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கலங்கல் போகும்வரை அரிசியை அலசி அலசிக் களைவது. பிறகு மூங்கில் கூடையில் அவிப்பாள். பிள்ளை பெற்றிருக்கும் தம்பி மனைவி சந்தலாவுக்கு அந்தச் சோறும் வறுத்த உப்பும் இஞ்சியும்தான் சாப்பாடு. மீகோங் ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் பத்தியம் என்றால் அதுதான். பத்தியம் காப்பதில் புவாகத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டுமென்று அடியில் கனல் போட்ட கட்டிலில் படுத்தபடி சந்தலா வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலி முழுக்கக் காராமணி காய்த்துத் தொங்கியது.

"அக்கா, ரெண்டே ரெண்டு காய்..."

"நாக்கை அடக்குடி. பால்ல இறங்கிப் பிள்ளைய அடிச்சிடும்."

தம்பி தோங்சாய் தலையைச் சொறிந்தான். "ஒரு பிடி வேர்க்கடலையாவது குடுக்கா. காலெல்லாம் மரத்துப் போகுதுங்கிறா."

"ஆமா, நீதான் பெத்தே பாரு! போய் வலையைக் கட்டுடா."

வேர்க்கடலை என்றாலே புவாகத்துக்குப் பயம். தன் ஒரே மகனைப் பெற்றபோது பசி பொறுக்காமல் ஒரு பிடி திருட்டுத்தனமாகத் தின்றாள். இரண்டாம் மாதமே பிள்ளை போய்விட்டான். பாவி நான் தின்ற அந்த ஒரு பிடியால்தான் போனான் என்று அன்றிலிருந்து உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

சந்தலாவின் குழந்தைக்கும் இரண்டாம் மாதம் பிறந்தது. அழுகை நாளுக்கு நாள் குறைந்தது. புவாகத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாரு, சத்தமே போடாத பிள்ளை! எல்லாம் என் பத்தியம்" என்று அடுத்த வீட்டுக்காரியிடம் அளந்தாள்.

அன்று மதியம் குழந்தை வாயைத் திறந்து, முகத்தைச் சுளித்து அழுதது. சத்தம் வரவில்லை. புவாகம் காதைக் கொண்டுபோய் வைத்தாள். வெறும் காற்றுதான் வந்தது. உதடு நீலம் பாரித்தது. ஐயோ, இதே முகம். அவள் மகனும் கடைசியில் இப்படித்தான் அழுதான்.

"ஒளிச்சு ஏதாவது தின்னியாடி?"

"சத்தியமா இல்லக்கா!"

தின்னவில்லையென்றால் பிறகு ஏன்? எங்கே தப்பு நடந்தது? புவாகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோங்சாய்தான் எல்லோரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பறந்தான்.

நர்ஸ் குழந்தையின் தொடையில் ஓர் ஊசி போட்டாள். தாய்க்கு என்ன சாப்பாடு என்று கேட்டாள். புவாகம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அரிசியில இருக்கிற சத்தையும் அலசிக் கொட்டிடுறீங்க. பயறு இல்ல, கீரை இல்ல. வைட்டமின் பி-ஒன்னுன்னு ஒரு சத்தும்மா, அது இல்லாம குழந்தைக்குக் குரல் போயிடும், இதயமும் தாங்காது. இப்போ ஊசியில போட்டது அதைத்தான். தாய்க்கே இல்லாதது பால்ல எங்கேருந்து வரும்?"

"அப்போ... வேர்க்கடலை தின்னா?"

"அதுலதான் அந்தச் சத்தே இருக்கு."

விஷம் என்று நினைத்தது மருந்தா? அப்படியானால் இத்தனை நாள் பார்த்துப் பார்த்துப் போட்டது என்ன? இந்தப் பெண் சொல்வதை நம்புவதா, ஊரே சொன்னதை நம்புவதா? ஒன்றும் பிடிபடாமல் புவாகம் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் குழந்தை வீறிட்டது. அப்படி ஒரு சத்தம்! வாசலில் தூங்கிய நாய் எழுந்து ஓடியது. புவாகம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் வீட்டில் காராமணியை வேகவைத்து, வேர்க்கடலை வறுத்துத் தட்டில் வைத்து நீட்டினாள். சந்தலா மிரண்டுபோய்ப் பார்த்தாள்.

"தின்னுடி. என் மகன் போனது நான் தின்ன கடலையால இல்ல. தின்னாம விட்டதாலதான். பெத்தவளைச் சத்தில்லாமப் போட்டுட்டு எந்தப் பிள்ளையையும் காப்பாத்த முடியாது. ஊர்ல எவ கேட்டாலும் இனி இதைத்தான் சொல்லுவேன்."

உள்ளே குழந்தை அழத் தொடங்கியது. சந்தலா எழப் போனாள். புவாகம் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"முதல்ல நீ சாப்பிடு. அவன் அழட்டும், நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."