நீலத்தாள் ஒட்டாத கடல்

நாவற்குடா ஞாயிறு பாடசாலைச் சுவரில் இருந்த ஒரு சிறுமியின் படத்திலிருந்து மழை பெய்யத் தொடங்கியது, தேங்காய் இருநூறு ரூபாவைத் தொட்ட கிழமையில். வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே அந்தப் படத்துக்குக் கீழே மட்டும், ஒரு முழ அகலத்துக்கு, உப்புத் தண்ணீர் ஊற்றியது.

அன்று மெற்றில்டா ரீச்சர் சொன்ன கதை, இயேசு படகில் உறங்கியது. புயல் வந்தது, சீடர்கள் அலறி எழுப்பினார்கள், அவர் எழுந்து கடலைச் சும்மா இரு என்றார், கடல் அடங்கியது. கதை முடிந்ததும் முட்டைக்கோதில் படகு, நீலத்தாளில் அடங்கிய கடல் என்று பிள்ளைகள் ஒட்டிச் சுவரில் மாட்டினார்கள். பிரஷாந்தி மட்டும் நீலத்தாளைத் தொடவில்லை. கறுப்புக் கிரெயோனால் அலை அலையாகக் கீறி, படகின் பின்பக்கம் இயேசுவைக் கண்மூடிப் படுக்க வைத்தாள். இவர் ஏன் எழும்பவில்லை என்று ரீச்சர் கேட்டார். "எங்கட அப்பாவும் கூப்பிட்டிருப்பார்தானே ரீச்சர்," என்றாள். அவள் தகப்பன் உதயரூபன் வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போய், படகோடு காணாமல் போய் இரண்டு வருடம்.

கண்காட்சிக்குப் படம் தெரிவுசெய்ய வந்த மேற்பார்வையாளர், இது விசுவாசமில்லாத படம், கண்ணைத் திறந்து கீறு, இல்லாவிட்டால் கிழித்துப் போடுவேன் என்றார். பிள்ளை வீரிட்டது. "சும்மா இரு புள்ள," என்று அதட்டினார். அப்போதுதான் மழை தொடங்கியது. அவர் அலைகளுக்கு மேல் நீலத்தாளை ஒட்டினார், ஊறி விழுந்தது. மூன்று தரம் ஒட்டினார், மூன்று தரமும் விழுந்தது, அவர் போட்டிருந்த சேட் தொப்பலாக நனைந்தது.

மெற்றில்டாவுக்குக் கோபம் ஏறியது. இந்தச் 'சும்மா இரு'வை, புருஷனைத் தேடி அலைந்த பிரஷாந்தியின் தாயிடம் யார்தான் சொல்லவில்லை? படகு முதலாளி சொன்னார், கந்தோர் அதிகாரி சொன்னார். போன மாதம் வகுப்பில் அழுத பிரஷாந்தியிடம் மெற்றில்டாவே சொன்னார். அந்த நினைப்பு சுட்டது.

"அந்தப் புள்ளையச் சும்மா இருக்கச் சொல்ல வேணாம் ஐயா. படுத்துக் கிடக்கிறவர எழும்பச் சொல்லுங்க."

ஐயா நனைந்தபடியே போனார், பிறகு வரவில்லை.

படம் சுவரிலேயே இருக்கிறது. கீழே ஒரு அலுமினியச் சட்டி. பிள்ளைகள் அதில் தூரிகை கழுவுகிறார்கள். ஞாயிறுதோறும் இடாப்பில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், பிரஷாந்தி தொடக்கிவைக்க, எல்லாரும் படத்தின் முன் நின்று எழும்புங்க, எழும்புங்க என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அங்கே இப்போது அதுதான் ஜெபம். கண் இன்னும் திறக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் ஒன்பது மணி என்று பக்கத்து வீடுகளில் உலை வைக்கிறார்கள்.