உரிமையாளர்களின் குழந்தைகள் மட்டும்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு நோட்டீசு. எங்கள் குடியிருப்பின் லிப்ட் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மொத்தம் ஆறு வரி. எழுதியது நான்.

இதை ஒளித்துவைத்துக் கடைசியில் திறந்து காட்டியிருக்கலாம். நீங்கள் ஒரு கணம் திகைப்பீர்கள், அந்தத் திகைப்பு எனக்குப் பாராட்டாக வந்து சேரும். பாராட்டு வாங்குகிற காரியமில்லை இது.

கதைக்குள் என் பெயர் பொற்கொடி. ‘நான்’ என்று தொடங்கிய இரண்டு வரைவுகளிலும் மூன்றாவது வரிக்குள் என்னை மன்னித்துவிட்டேன். ‘அவள்’ என்றால் கொஞ்சம் கறாராக இருக்க முடிகிறது. (முடிகிறதா என்று பார்ப்போம்.)

2

முதல் தொடக்கம்: “மதுக்கரை சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல் காற்று—”

நிறுத்திவிட்டேன். காற்று வந்தால் அடுத்து ஒரு வேப்பமரம் வரும். அதற்கடுத்த பத்தியில் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவார்கள்.

இரண்டாவது: “குழந்தைகளின் சத்தம் கேட்டாலே பொற்கொடிக்கு—”

இதுவும் பொய். பொற்கொடிக்குக் குழந்தைகளைப் பிடிக்கும். பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறவள். அவளை அரக்கியாக எழுதிவிட்டால் நீங்கள் அவளிடமிருந்து சுலபமாக விலகிக்கொள்வீர்கள். நானும்தான்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டு வீடுகள். கீழ்த்தளம் முழுக்கத் தூண்கள், தூண்களுக்கு நடுவே மஞ்சள் கோடு போட்டு எண் எழுதிய கார் இடங்கள். ஏழாம் எண் பொற்கொடியுடையது. இருக்கிறதிலேயே அகலமானது அதுதான். அவள் பள்ளியிலிருந்து ஐந்தேகாலுக்கு வரும்வரை காலியாகக் கிடக்கும். நான்கரை மணிக்கே பிள்ளைகள் அதில் ஷட்டில் ஆடத் தொடங்கிவிடுவார்கள். அவளுடைய கார் வாசலில் திரும்பியதும் யாராவது ஒருவர் கத்துவார்கள்: “ஏய், செவன் வந்துருச்சு!” உடனே எல்லாரும் முனகிக்கொண்டே ஓரம் போவார்கள்.

யாரும் அவளை டீச்சர் வந்தாச்சு என்றோ ஆன்ட்டி வந்தாச்சு என்றோ சொல்லவில்லை. செவன். தினமும் அந்த முனகலுக்குள்தான் அவள் காரை நிறுத்தினாள்.

3

மூன்றாம் மாடி ரவிக்குமாரின் காரில் மட்டை பட்டு ஒரு கீறல் விழுந்தது. சங்கத்தில் பேசினார்கள். விளையாட்டுக்கு நேரம் குறிப்பது என்று முடிவானது. அந்த வாரம் பொற்கொடி காய்ச்சலில் படுத்திருந்ததால் கூட்டத்துக்குப் போகவில்லை. மறுநாள் செயலாளர் ஆறுச்சாமி அவள் வீட்டு மணியை அடித்தார். பம்ப் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், குரல் எப்போதும் மோட்டார் சத்தத்துக்கு மேலே போகும்.

“ஏனுங்க டீச்சர், உடம்பு தேவலைங்களா? ஒரு சின்ன ஒத்தாசைங்க. நோட்டீசு ஒண்ணு எழுதோணும். நான் எழுதுனா சண்டைக்குக் கூப்புடற மாதிரி இருக்குதுன்னு எங்கூட்டுக்காரியே சொல்றா. நீங்க எழுதறவங்க.”

“சொல்லுங்க, எழுதறேன்.”

“அஞ்சுல இருந்து ஆறரை வரைக்கும் பசங்க விளையாடலாம். வண்டி மேல படாம ஆடோணும். ஞாயித்துக்கெழமை காலையிலயும் ஆடிக்கட்டும். அவ்வளவுதானுங்க.”

அவள் மடிக்கணினியில் தட்டினாள். முதல் வரி இப்படி வந்தது: “குடியிருப்பு உரிமையாளர்களின் குழந்தைகள் மட்டும் மாலை ஐந்து மணி முதல் ஆறரை மணி வரை வாகன நிறுத்துமிடத்தில் விளையாட அனுமதிக்கப்படுகிறார்கள்.”

ஆறுச்சாமி கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். விரலால் வரியைத் தடவிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

“இந்த ‘மட்டும்’ எதுக்குங்க?”

“அது இல்லைன்னா வாக்கியம் தொங்குமுங்க.”

“அட, அப்பிடிங்களா? அப்ப இருக்கட்டுமுங்க. தொங்கக் கூடாது.” அச்செடுத்த தாளில் கையெழுத்துப் போடும்போது சொன்னார்: “கவர்மென்ட் ஆர்டரு மாதிரியே இருக்குது போங்க.”

அந்த வாக்கியம் தொங்காது. நீங்களே எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ‘உரிமையாளர்களின்’ என்பதையும் சேர்த்து எடுத்துவிடலாம். அதையும் அவர் சொல்லவில்லை.

குடியிருப்பில் மூன்று வீடுகள் வாடகைக்கு இருந்தன. ஒன்றில் ஐ.டி. கம்பெனிப் பையன்கள். இன்னொன்றில் ஓய்வு பெற்ற தம்பதி. மூன்றாவது, பொற்கொடிக்கு எதிர்வீடு: ரசாக், சாஜிதா பேகம், ஒன்பது வயது ரிஃபத், ஐந்து வயது சஹீர். அதாவது அந்த வரியால் வெளியே நிற்க வேண்டியவர்கள் இந்த ஊரிலேயே இரண்டு பேர்தான். எழுதும்போது பொற்கொடிக்கு அது தெரியும்.

தெரியும் என்று எழுத நான்கு நாள் ஆனது.

4

(இதை அடிக்குறிப்பாகச் சின்ன எழுத்தில் போட நினைத்தேன். சின்ன எழுத்தில் இருந்தால் சின்ன விஷயமாகிவிடும் என்ற நப்பாசை. சின்ன விஷயம்தான், அதுதான் தாங்க முடியவில்லை.

காய்ச்சலுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு மாலை. பொற்கொடியின் கார் திரும்பியது. “செவன் வந்துருச்சு!” எல்லாரும் ஓரம் போனார்கள். ரிஃபத் போகவில்லை. காருக்கு நேரே இடது கையை உயர்த்தினாள், உள்ளங்கை தெரிய.

“ஆன்ட்டி, ஒரு நிமிஷமுங்க! கடைசி பாயின்ட்!”

பொற்கொடி நின்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பால் வாங்கிக்கொண்டு வந்த ரவிக்குமார் சிரித்தார்: “என்னங்க டீச்சர், டிராபிக் போலீசு நிறுத்திப்போட்டாங்களா?” பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். பொற்கொடியும் சிரித்தாள். ரிஃபத் அந்தப் பாயின்ட்டை அடித்து ஜெயித்தாள். பிறகு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டி, “தேங்க்சுங்க ஆன்ட்டி” என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. வேறொன்றும் இல்லையா என்று தேடிப் பார்த்தேன். ஒரு திட்டு, ஒரு முறைப்பு, ஏதாவது இருந்தால் கதைக்கு வசதி. இல்லை.

ரவிக்குமாரின் மகள் கை காட்டியிருந்தால் பொற்கொடிக்கு அது மறந்துபோயிருக்குமா? இந்தக் கேள்வியை ஒருமுறை எழுதி அழித்தேன். இப்போது அழிக்காமல் விடுகிறேன்.)

5

நோட்டீசு ஒட்டியதற்கு மறுநாள் பொற்கொடி ஐந்தேகாலுக்கு வந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ரிஃபத் கீழே இல்லை. முதல் மாடிக்கு ஏறும் படியின் திருப்பத்தில், கம்பி வலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சஹீர்.

“பன்னெண்டு ஒம்பது!” என்று அங்கிருந்தே கத்தினாள். “ஏய், அது லைனுக்கு வெளியங்க! என்ற கண்ணுக்கு இங்கிருந்து நல்லாத் தெரியுது!”

விளையாடத்தான் கூடாது என்று போட்டிருந்தது. எண்ணிக்கை சொல்லக்கூடாது என்று போடவில்லை.

பொற்கொடி லிப்டில் போனாள். முதல் மாடிக்கு அதுவரை அவள் லிப்டில் போனதே இல்லை.

(இங்கே “அவள் கண்கள் கலங்கின” என்று ஒரு வரி இருந்தது. கலங்கவில்லை. லிப்டுக்குக் காத்து நின்றபோது, நோட்டீசில் ஒரு ஒற்றுப்பிழை இருப்பதைக் கவனித்தாள். அதுதான் அவளை உறுத்தியது.)

6

சாஜிதாவை எழுதுவதில்தான் எனக்குச் சந்தேகம்.

நடந்தது இது. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் நோன்புக்கஞ்சியோடு வந்தாள். உள்ளே வந்து உட்காராமல் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, உங்க கையால ஒரு லெட்டரு எழுதித் தருவீங்களா? ஞாயித்துக்கெழமை மீட்டிங்ல குடுக்கறதுக்குங்க.”

“என்ன லெட்டர் சாஜிதா?”

“அந்த நோட்டீசுக்குத்தானுங்க. சண்டை போடற மாதிரி இருக்கக் கூடாது. கெஞ்சற மாதிரியும் இருக்கக் கூடாது. நீங்க எழுதுனாச் சரியா வரும்.”

“ரசாக் என்ன சொல்றாரு?”

“அவரு, வேற ஊடு பாத்துக்கலாம், வம்பு வேண்டாம்ங்கறாரு. பாக்கறதுன்னா என்னங்க, சும்மாவா? போன்ல எல்லாம் நல்லாத்தான் பேசறாங்க. ‘சார் பேரு?’ன்னு கேப்பாங்க, இவரு சொல்லுவாரு, அப்பறம் பாருங்க, அந்தப் பக்கம் டவரே போயிரும்.” சிரித்தாள். “கோயமுத்தூருல இத்தன எடத்துல டவர் இல்லைன்னு எங்களுக்குத்தானுங்க தெரியும்.”

பிறகு சிரிப்பை நிறுத்தி, “இந்த நோட்டீசை யாரோ நல்லாப் படிச்சவங்கதான் எழுதியிருக்கோணும், இல்லீங்களா?” என்றாள்.

முதல் வரைவில், இதைச் சொல்லும்போது சாஜிதா ஜன்னலைப் பார்த்தாள்: ஒன்றும் தெரியாதவள். இரண்டாவது வரைவில் பொற்கொடியைப் பார்த்தாள்: எல்லாம் தெரிந்தவள், ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான் வந்தாள். இரண்டாவதுதான் நல்ல கதை. ஆனால் பொற்கொடி அப்போது கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாஜிதா எங்கே பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை இரண்டு விதமாக எழுதி, எது அழகு என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

“இருக்குமுங்க” என்றாள் பொற்கொடி.

கடிதத்தை அன்றே எழுதினாள். நன்றாக எழுதினாள். சண்டையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ‘மட்டும்’ என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று நேராகக் கேட்டது. நடுவில் ஒரு வரி: “இந்த ஈவிரக்கமற்ற வாக்கியத்தை எழுதியவர் யாராயினும் வெட்கப்பட வேண்டும்.” அதை எழுதும்போது அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டாகிவிட்டது, யாருக்கும் தெரியாமல்.

சாஜிதா தாளை வாங்கி உதடு அசையப் படித்தாள். பொற்கொடியின் பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை அடித்தாள்.

“இது வேண்டாமுங்க அக்கா. என்ன நெலமையில எழுதுனாங்களோ. படிச்சா அவங்க மனசு நோகும்.”

7

முடிவுகள்.

அ. பொற்கொடி கூட்டத்தில் எழுந்து, எழுதியது நான்தான் என்கிறாள். எல்லாரும் அமைதியாகிறார்கள். சாஜிதா அவள் கையைப் பிடிக்கிறாள். (யாருக்காக இந்தக் கைப்பிடிப்பு? மன்னிக்கிற வேலையையும் சாஜிதா தலையிலேயே கட்டுகிறேன்.)

ஆ. யாரும் பார்க்காத நேரத்தில் நோட்டீசைக் கிழித்துப்போடுகிறாள். (கோழை. ஆனால் இதைத்தான் செய்ய நினைத்தேன். லிப்ட் வரை போனேன்.)

இ. ரசாக் வீட்டைக் காலி செய்துவிடுகிறார். ஏழாம் எண்ணில் ஆட்டம் இல்லை. பொற்கொடி வருந்துகிறாள். (இப்படி முடிகிற கதைகளை நானே எழுதியிருக்கிறேன். அவற்றில் வருந்துகிறவர் எப்போதும் சொந்த வீட்டில் இருப்பவர்தான்.)

8

இன்று ஞாயிறு. கூட்டம் பத்து மணிக்கு. எங்கள் கார்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுக் கீழே நாற்காலி போட்டிருக்கிறார்கள். என் பால்கனிக்கு நேர் கீழே.

பத்து ஐந்துக்கு ஆறுச்சாமி அண்ணாந்து கூப்பிட்டார்: “டீச்சரம்மா, வாங்க! சாஜிதாம்மணி லெட்டரு கொண்டாந்திருக்குது. நீங்களே படிச்சீங்கன்னா நல்லா இருக்கும்.”

“வாரேனுங்க” என்றேன்.

ஐந்தாம் பகுதியில் ஒரு வினைமுற்றைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

சற்று நேரம் பார்த்துவிட்டு சாஜிதாவே படிக்கத் தொடங்கினாள். என்னுடைய வாக்கியங்கள், திக்கித் திக்கி மேலே வந்தன. அடித்த வரியைத் தாண்டிப் போனாள். முடித்ததும் ரவிக்குமாரின் குரல்.

“அதென்னங்க ‘மட்டும்’? மீட்டிங்ல நாம அப்பிடிப் பேசவே இல்லீங்களே. எங்க பாப்பா மூணு நாளா ‘ரிஃபத் ஏன் வரலை’ன்னு உசுரை எடுக்குது. யாருங்க அப்பிடி எழுதுனது?”

ஒரு நாற்காலி நகர்ந்தது.

“நான்தானுங்க எழுதுனேன்” என்றார் ஆறுச்சாமி. மோட்டார் சத்தத்துக்கு மேலே போகும் அந்தக் குரல் இப்போது அவ்வளவு தாழ்ந்திருந்தது, பால்கனிக் கம்பியில் காதை வைத்தால்தான் கேட்டது. “எழுத வராதுன்னு தெரிஞ்சும் எழுதிப்போட்டேன். தப்பு எம்மேலதானுங்க. மன்னிச்சுக்கோ கண்ணு ரிஃபத்து.”

பொற்கொடி எழுந்து கதவைத் திறந்தாள்.

இந்த வரியை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதினேன். அப்படியே விடுகிறேன், பொய் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்ப்பதற்கு.

கீழே இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இறங்குவதற்குப் பதினெட்டுப் படி. அடுத்த வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள். நான் எழுதினால் நன்றாக எழுதிவிடுவேன்.